மாம்பழ சீசனில் நாய்க்குப் பழம்: எது கொடுக்கலாம், எவ்வளவு, எது கிட்டவே ஆகாது?

உழவர்சந்தை ராஜா (சேலம்)

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டில் இரண்டு வயது லேப் (லேப்ரடார்) இருக்கிறான். பெயர் மணி, எடை 28 கிலோ. சேலத்தில் இந்த மாதங்களில் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம், வீட்டில் எந்நேரமும் மாம்பழக் கூடைதான். யாராவது கத்தியும் தட்டுமாக உட்கார்ந்தால் போதும், இவனும் எதிரே வந்து எச்சில் ஒழுக உட்கார்ந்துவிடுகிறான்.

அம்மா "வாயில்லா ஜீவன், ஒரு துண்டு போட்டால் என்ன குறைந்துவிடும்" என்கிறார். மனைவி "நாய்க்கு இனிப்பே ஆகாது, முடி கொட்டிவிடும்" என்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு பட்டியல்களில் ஒன்று வாழைப்பழம் அருமை என்கிறது, இன்னொன்று விஷம் என்கிறது. சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லை, எப்போதாவது ஆசைக்குக் கொடுக்கத்தான் கேட்கிறேன். நீங்கள் வீட்டில் நிஜமாக என்ன கொடுக்கிறீர்கள்?

மாடித்தோட்டம் மலர்

ராஜா, எங்கள் வீட்டு ஜூலி பழம் சாப்பிடுகிறாள். ஆனால் முழுப் பழமாக எதையும் அவள் முன்னால் வைப்பதில்லை.

பப்பாளி என்றால் விதையை ஸ்பூனால் சுத்தமாக வழித்துவிட்டு, தோலைச் சீவி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்குவேன். தர்பூசணியில் கறுப்பு விதையைக் கத்தி முனையால் நோண்டி எடுத்துவிட்டு, பச்சைத் தோலோடு ஒட்டிய வெள்ளைப் பகுதியையும் கழித்துவிடுவேன். அந்தத் தோலைக் கொடுத்தால் மென்று விழுங்கிவிட்டு ராத்திரியே வாந்தி எடுக்கும். ஆப்பிளில் நடுத்தண்டும் விதையும் போக மீதி. ஏப்ரல், மே வெயிலில் தர்பூசணித் துண்டுகளை ஃப்ரீசரில் வைத்து மதியத்தில் நாலைந்து போடுவேன். கடக் கடக் என்று கடிக்கும் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும்.

மாம்பழம் கொடுக்கலாம். சதை மட்டும். தோல் வேண்டாம், கொட்டை வேண்டவே வேண்டாம். கொட்டையை நக்கட்டும் என்று கையில் பிடித்துக்கொண்டு கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் பிடி ஒரு நொடி தளர்ந்தால் போதும், உள்ளே போய்விடும்.

கோம்பைக்காரன் (தேனி)

இதையெல்லாம் படித்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் பக்கம் தோட்டத்தில் காவலுக்கு நிற்கும் நாய்க்கு யார் விதை எடுத்துக் கொடுத்தார்கள்? விழுந்த மாங்காய், மாம்பழம் எல்லாம் அதுவே பொறுக்கித் தின்னும். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கத் திராட்சை. பந்தலுக்குக் கீழே உதிர்ந்து கிடப்பதை நாய் தின்னாமலா இருக்கும்? திராட்சை விஷம் என்று டவுனில் சொல்கிறார்கள். அப்படியானால் எங்கள் ஊரில் ஒரு நாய்கூட மிஞ்சியிருக்கக் கூடாது. ஃப்ளாட்டில் வளர்க்கிறவர்கள் பயமுறுத்திப் பயமுறுத்தியே நாயை நோஞ்சானாக்கி வைத்திருக்கிறீர்கள்.

ஊசிக்கார டாக்டர்

நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் தொழில். கோம்பை அண்ணே சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிதான் எங்களிடம் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து நிற்கிறது.

முதலில் மாங்கொட்டை. இதில் விஷம் என்று பயப்பட ஒன்றும் இல்லை. வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கிவிடும், வயிற்றில் கரையாது, குடலுக்குள் நுழைந்தால் எங்காவது மாட்டிக்கொள்ளும். விழுங்கிய அன்றே தெரிய வேண்டும் என்பதில்லை. சில நாய்களுக்கு வயிற்றிலேயே நாள்கணக்கில் கிடந்துவிட்டு, பிறகு ஒருநாள் நகர்ந்து போய் அடைக்கும். சாப்பிட்டதும் குடித்ததும் வாந்தியாக வந்துகொண்டே இருக்கும். தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்காது, மலம் நின்றுபோகும், வயிற்றைத் தொட்டால் முனகும். எலும்புபோல எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியாததால் ஸ்கேனும் எடுக்க வேண்டி வரலாம். பெரும்பாலும் அறுவை சிகிச்சையில்தான் முடியும். லேப் மாதிரி கடிக்காமல் விழுங்கும் ஜாதிக்கு இந்த ஆபத்து அதிகம். கொட்டை உள்ளே போனது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள்.

திராட்சை வேறு கதை. ஒரு நாய் ஒரு கொத்து தின்றுவிட்டு வாலாட்டும். அதே அளவு நாய், அதைவிடக் குறைவாகத் தின்று சிறுநீரகம் செயலிழந்து படுத்துவிடும். ஏன் இப்படி என்று ரொம்பக் காலம் யாருக்கும் பிடிபடவில்லை. 2021இல் அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நலச் சங்கத்தின் நச்சு உதவி மையத்து மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பிள்ளைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற நாய்க்கு, திராட்சை தின்றால் வருகிற அதே சிறுநீரகப் பாதிப்பு வந்திருந்தது. அந்த மாவில் க்ரீம் ஆஃப் டார்ட்டர் இருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் அதே அமிலம்தான். நாயின் சிறுநீரகச் செல்களுக்குள் இந்த அமிலம் சேர்ந்துவிடுகிறது, அதை வெளியே தள்ளும் வழி நமக்கு இருப்பதுபோல நாய்க்கு இல்லை என்பதுதான் இப்போது சொல்லப்படும் விளக்கம். பழத்தின் ரகம், பழுத்த பக்குவம், விளைந்த இடம் இவற்றைப் பொறுத்து அமிலத்தின் அளவு மாறும். அதனால்தான் ஒரு நாய் தப்புகிறது, இன்னொன்று மாட்டுகிறது. அண்ணன் தோட்டத்து நாய்கள் தப்பியதற்கும் இது காரணமாக இருக்கலாம். பந்தலுக்கு அடியில் படுத்துச் செத்த நாயைப் பாம்பு கடித்திருக்கும் என்று புதைத்துவிட்டுப் போனதும் நடந்திருக்கலாம்.

வேப்பமரத்தடி

டாக்டர், ஒரு நிமிஷம். டார்டாரிக் அமிலம் என்றால் அது புளியில் இருப்பதுதானே? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்த ஞாபகம்.

ஊசிக்கார டாக்டர்

அதேதான். இந்த அமிலம் இவ்வளவு தாராளமாக இருக்கும் பழங்கள் ரொம்பக் குறைவு. திராட்சை ஒன்று, புளி இன்னொன்று. 2022இல் வெளியான மருத்துவக் கட்டுரையில் க்ரீம் ஆஃப் டார்ட்டர் தின்ற நாய்களோடு புளி தின்ற நாய்களையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார்கள். இரண்டிலும் அதே வாந்தி, அதே சிறுநீரகப் பாதிப்பு.

மாடித்தோட்டம் மலர்

ஐயோ, நம் வீடுகளில் பாதி நாய்கள் ரசம் சாதத்தில் வளர்ந்தவை ஆயிற்றே!

பொன்வண்டு

நானும் அதையேதான் கேட்க வந்தேன். எங்கள் பாட்டி வீட்டு டைகர் மிச்ச ரசம் சாதம் சாப்பிட்டே கிழவனானது. இப்போது ரசமும் விஷமா?

ஊசிக்கார டாக்டர்

பதற்றம் வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு வைத்த ரசத்தில் எலுமிச்சை அளவு புளி, அதிலும் கரைத்து வடித்த தண்ணீர், அதில் நாய் தட்டுக்கு வருவது ஒரு கரண்டி. அந்த அளவு எத்தனையோ நாய்களை ஒன்றும் செய்யாமல் போயிருக்கிறது. ஆனால் இவ்வளவு வரை பயமில்லை என்று திராட்சைக்கும் சரி, புளிக்கும் சரி யாரும் வரம்பு வகுக்கவில்லை. அதனால் இதுவரை சாப்பிட்டதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், இனிமேல் ஊற்றாமல் இருங்கள். ரசத்தில் பூண்டும் உப்பும் வேறு இருக்கிறது. சாம்பாரில் வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். புளி இல்லாவிட்டாலும் இவை நாய் தட்டுக்கு ஆகாது.

எனக்குப் பெரிய கவலை ரசம் இல்லை. புளிக்காய்ச்சல், புளித்தொக்கு மாதிரி கெட்டியாக இருப்பவை. அப்புறம் மாசி, பங்குனியில் வாசலில் பாய் விரித்துக் கொட்டை எடுத்த புளியைக் காயவைப்போமே, அது. பல் முளைக்கும் குட்டி எதைக் கண்டாலும் மெல்லும். ஒரு உருண்டைப் புளி குட்டியின் உடம்புக்கு ரொம்ப அதிகம்.

திருவல்லிக்கேணி வாசு

இழையின் தலைப்பில் பழம் என்று இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் நாய்க்குத் திராட்சை பழத்தட்டிலிருந்து போவதே இல்லை, சர்க்கரைப் பொங்கலிலிருந்தும் பாயசத்திலிருந்தும் கேசரியிலிருந்தும்தான் போகிறது. உலர்திராட்சை. தண்ணீர் வற்றியது என்பதால் அதே எடைக்கு அமிலம் இன்னும் கூடுதல்.

போன மார்கழியில் கோயிலிலிருந்து வந்த பிரசாதத் தொன்னையை எங்கள் பீகிள் மேஜையிலிருந்து இழுத்துக் காலி செய்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தால், "நாலு திராட்சைக்கு ஒன்றும் ஆகாது சார், காலையில் பார்க்கலாம்" என்றார்கள். மனசு கேட்கவில்லை. வேறு இடத்துக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தபோது நெய் மினுக்கோடு திராட்சைகள் முழுசாக வந்து விழுந்தன. சில உப்பிப் பெரிதாகியிருந்தன. அங்கே இருந்த டாக்டர் எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலு இல்லை சார், இருபத்திரண்டு" என்றார். இப்போது பிரசாதம் நேராக ஃப்ரிட்ஜுக்கு மேல்தான் போகிறது.

பொன்வண்டு

இந்த மாதிரி நேரத்தில் உப்புத் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றினால் உடனே வாந்தி வந்துவிடும். ராத்திரியில் டாக்டரைத் தேடி அலைய முடியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

ஊசிக்கார டாக்டர்

தயவுசெய்து வேண்டாம். இதை நிறையப் பேர் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். உப்புக்கரைசல் குடித்த நாய் வாந்தி எடுக்காமல் போனால் அவ்வளவு உப்பும் இரத்தத்தில் ஏறும். நடுக்கம், வலிப்பு, மூளை வீக்கம் வரை போகும். திராட்சைக்குப் பிழைத்திருக்கும் நாய் உப்புக்குச் செத்துவிடும். தொண்டைக்குள் விரல் விடுவதும் வேண்டாம். மயங்கிக் கிடக்கும் நாய் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால், எங்களிடம் வந்தாலும் முதலில் நாய் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுவோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: என்ன தின்றது, ஏறக்குறைய எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன. மிச்சம் இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் பெரும்பகுதியை வெளியே எடுத்துவிடலாம். அதன் பிறகு இரண்டு நாள் டிரிப்ஸ், நடுவில் கிரியாட்டினின் பரிசோதனை, அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை. வாந்தி 24 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும், சிறுநீரகப் பாதிப்பு ஒன்றிலிருந்து மூன்று நாளில் தெரியும். சிறுநீர் குறைந்த பிறகு கொண்டுவந்தால் எங்கள் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

கணக்குப்பிள்ளை

ராஜா கேட்ட "எவ்வளவு" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நான் போட்டுப் பார்த்தேன்.

பிஸ்கட், பழம், சீஸ் என்று தீனியாகப் போகிற எல்லாம் சேர்ந்து ஒருநாள் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வழக்கமான கணக்கு. கருத்தடை செய்த, சுமாராக ஓடியாடும் 28 கிலோ நாய்க்கு ஒருநாள் தேவை ஏறக்குறைய 1360 கலோரி. அதில் பத்தில் ஒன்று 136. இனி 100 கிராமுக்குப் பாருங்கள்: தர்பூசணி 30, பப்பாளி 43, ஆப்பிள் 52, மாம்பழம் 60, கொய்யா 68, சப்போட்டா 83, வாழை 90, பலாச்சுளை 95. ஆக உங்கள் நாய் மணிக்கு ஒருநாளில் மாம்பழச் சதை 200 கிராம்வரை கணக்குப்படி இடம் இருக்கிறது. ஆனால் காலையில் அவன் காபி நேரத்தில் மாரி பிஸ்கட் வாங்கித் தின்பான் இல்லையா? ஒன்றுக்கு 20 கலோரிக்கு மேல் வரும். நாலு பிஸ்கட் போட்டால் மாம்பழத்துக்கு மிஞ்சுவது மூன்று, நாலு துண்டுதான்.

இதையே 5 கிலோ பொமரேனியனுக்குப் போட்டால் மொத்த ஒதுக்கீடே 37 கலோரி. ஒரு சின்ன ஏலக்கி வாழைப்பழம் அதைத் தாண்டிவிடும். நாய் சிறியதாக இருந்தாலும் நம் கை வெட்டும் துண்டு சிறியதாவதில்லை, குட்டி ஜாதிகள் குண்டாவது இப்படித்தான்.

லேப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தகவல். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டது: நாலில் ஒரு லேப்புக்குப் பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. அதற்கு வயிறு நிறைந்த உணர்வு சரியாக வராது. மணி எதிரே உட்கார்ந்து எச்சில் ஒழுக்குவதை வைத்துப் பசி என்று முடிவுகட்ட வேண்டாம்.

சந்தேகப்பிராணி

எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. நாய் மாமிசம் தின்னும் பிராணி. அதற்குப் பழம் எதற்கு? வைட்டமின் சி வேண்டும் என்கிறார்கள் சிலர்.

ஊசிக்கார டாக்டர்

வைட்டமின் சி-யை நாயின் கல்லீரலே தயாரித்துக்கொள்ளும், பழத்திலிருந்து வர வேண்டிய அவசியம் இல்லை. நல்ல தீவனம் சாப்பிடும் நாய் ஆயுசு முழுக்கப் பழமே பார்க்காவிட்டாலும் ஒரு குறையும் வராது. பழம் ஆசைக்குத்தான். அந்த ஆசை நிஜமானது. நாய்க்கு இனிப்புச் சுவை தெரியும், பூனைக்குத் தெரியாது. பூனையின் நாக்கில் இனிப்பை உணரும் மரபணு வேலை செய்வதில்லை. அதனால் வீட்டில் இரண்டும் இருந்தால் மாம்பழத்துக்கு வருவது நாய்தான். (மனைவியிடம் சொல்லுங்கள் ராஜா, முடி கொட்டுவது வேறு விஷயம். உண்ணி, ஒவ்வாமை, பூஞ்சை எதுவென்று பாருங்கள்.)

வேப்பமரத்தடி

சீத்தாப்பழம், சப்போட்டா, பலா? எங்கள் வீட்டில் மூன்றும் காய்க்கிறது. நாய் மரத்தடியிலேயேதான் கிடக்கும்.

ஊசிக்கார டாக்டர்

மூன்றிலும் சதை பிரச்சினை இல்லை, கொட்டைதான். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பேனுக்குத் தடவுவார்கள், அது கண்ணில் பட்டால் என்ன எரிச்சல் என்று பாட்டிமார்களைக் கேளுங்கள். அந்தச் சரக்கு விதைக்குள் இருக்கிறது. முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்து நொறுக்கினால்தான் வம்பு. சீத்தாப்பழத்தில் விதை பிரித்துக் கொடுக்கிற பொறுமை யாருக்கும் இல்லை என்பதால், கொடுக்காதீர்கள் என்றே சொல்லிவிடுகிறேன். சப்போட்டா விதை வழவழப்பாக, முனையில் கொக்கியோடு இருக்கும். தொண்டையில் சிக்கக்கூடியது. எடுத்துவிட்டு அரைப் பழம் போதும். பலாவில் சுளையைச் சின்னதாகக் கிழித்துக் கொடுங்கள். பிசின், சக்கை, பச்சைக் கொட்டை மூன்றும் வேண்டாம்.

ஆப்பிள் விதையில் சயனைடு என்று வாட்ஸ்அப்பில் அலறுகிறார்கள். அதை உண்டாக்கும் பொருள் விதைக்குள் இருப்பது உண்மை. ஒன்றிரண்டு தவறிப் போனதற்கு ஓடி வர வேண்டாம், வழக்கமாகக் கொடுக்காமல் இருந்தால் போதும். ஸ்டார் ஃப்ரூட் மட்டும் கிட்டவே வேண்டாம், அதில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். ஆரஞ்சு, சாத்துக்குடி என்றால் தோலும் விதையும் இல்லாமல் ஒரு சுளை. அதையும் பெரும்பாலான நாய்கள் துப்பிவிடும்.

சர்க்கரை நோய் உள்ள நாய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் என்றால் இந்த இழையில் உள்ள எதையும் பார்த்துக் கொடுக்காதீர்கள். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

கோம்பைக்காரன் (தேனி)

டாக்டர் பாம்பு விஷயத்தை எழுதியதும் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நாய் வாந்தியும் தள்ளாட்டமுமாகப் போனதற்கு யாரும் காரணம் தேடவில்லை என்பது நிஜம். அதற்காகத் திராட்சைதான் கொன்றது என்று நான் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். என் பெரிய நாயைக் கட்டிப்போட முடியாது, அது பந்தலைச் சுற்றினால்தான் காவல். குட்டி ஒன்று இருக்கிறது, கீழே கிடப்பதையெல்லாம் வாயில் போடும் வயசு. அதை அறுவடை முடியும்வரை வீட்டுப் பக்கம் வைத்துக்கொள்கிறேன். உதிர்ந்ததைக் கூட்டி அள்ளவும் ஆளிடம் சொல்லியாயிற்று. அதற்குமேல் என்னை வற்புறுத்தாதீர்கள்.

ஊசிக்கார டாக்டர்

போதும் அண்ணே. குட்டியைக் காப்பாற்றினாலே பெரிய விஷயம்.

உழவர்சந்தை ராஜா (சேலம்)

அனைவருக்கும் நன்றி. நான் மாம்பழத்தைக் கேட்க வந்தேன், அம்மா புளி டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டார். கொட்டைகளுக்கு மூடி போட்ட குப்பைத்தொட்டி வாங்கியாகிவிட்டது, லேப் திறக்க முடியாத ரகம் என்று கடைக்காரர் சொன்னார், பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. இளநீர் கொடுக்கலாமா? வழுக்கையும் சேர்த்து? அப்புறம் நுங்கு?

மாடித்தோட்டம் மலர்

இளநீர் ஜூலிக்கு இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலந்து கொடுப்பேன். அதிகமானால் பேதி. வழுக்கையில் கொழுப்பு உண்டு, ஒரு விரல் அளவு போதும். மட்டையை மட்டும் விளையாடக் கொடுக்காதீர்கள், நாரை உரித்து விழுங்கிவிடும். நுங்கு என்றால் மேல்தோலை உரித்து, கட்டாயம் நறுக்கிக் கொடுங்கள். முழுசாகப் போட்டால் மணி மெல்லாமல் உறிஞ்சிவிடுவான், வழுக்கிப் போய்த் தொண்டையை அடைக்கும்.

திருவல்லிக்கேணி வாசு

ராஜா, அந்தக் குப்பைத்தொட்டி காலால் மிதித்துத் திறக்கும் ரகம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பீகிள் அதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது.